ஏழு கிராம் நோயாளி

நியூட் என்ற சிறு நீர்நில வாழ்விக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது போன் செய்தால், அது வாழும் தொட்டியின் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொல்வேன். நியூட்டை அந்தத் தண்ணீரில் நீந்தவிட்டுக் கொண்டுவரக் கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கிச்சன் பேப்பரை நாலைந்து மடிப்பாக மடித்துப் போட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்து, அதன்மேல் விட்டு எடுத்துவர வேண்டும். மூடியில் சில துளைகள் போதும். வெயில் காலமென்றால் ஐஸ் பையைத் துணியில் சுற்றி டப்பாவுக்கு வெளியே ஒட்டி வைக்க வேண்டும். ஆழத் தண்ணீரில் வைத்தால், சோர்ந்துபோன பிராணி கார் குலுங்கும்போது மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் வழியிலேயே போய்விடும். வளர்ந்த நியூட்டுக்கு நுரையீரல் உண்டு. தோலாலும் அது மூச்சுவிடும். ஆனால் நோய்ப்பட்ட தோலை நம்பி அதைத் தண்ணீருக்குள் விட முடியாது.

டப்பா மேசைக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது பாட்டிலைத்தான். 5 மில்லி தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அம்மோனியா பார்க்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிச் சில நிமிஷம் வைத்தால் நிறம் தெரிந்துவிடும். மஞ்சளாகவே நின்றால் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து. கரும்பச்சை காட்டும் தண்ணீரில் கிடந்த நியூட்டுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் தண்ணீரை மாற்ற வேண்டும். பல சமயம் அதோடு நோயும் தீர்ந்துவிடும்.

தொட்டியை அக்கறையோடு பராமரிப்பவர்கள் வீட்டிலும் இது நடக்கும். நியூட்டின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுவார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடியாக இருக்கும். சில நாளில் நியூட் தண்ணீரைவிட்டு வெளியேறி, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். அது ஏறி உட்கார்ந்திருப்பதே ஒரு முறையீடு. அதைக் கவனிப்பவர்களின் நியூட் பிழைத்துக்கொள்ளும்.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன் நான். பசு, எருமை, ஆடு, கோழி, நாய் என்று கை பழகியது. இங்கிலாந்துக்கு வந்து, இங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் வெட்டினரி சர்ஜன்ஸ் வைக்கும் தேர்வை எழுதித் தேறி, லெஸ்டர் பக்கம் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கே இருந்த மூத்த மருத்துவர் ஆமை, பாம்பு, தவளை என்று மற்றவர்கள் தொடத் தயங்கும் பிராணிகளைப் பார்ப்பவர். அவர் ஓய்வுபெற்றபோது அந்த மேசை எனக்கு வந்தது. நியூட் பார்க்கக் கற்றது அவரிடம்தான்.

நம் ஊரில் நியூட் கிடையாது. இந்தியாவில் டார்ஜிலிங் முதலான கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே அதன் வகைகள் உண்டு. பார்த்தால் பல்லி என்றுதான் தோன்றும். ஆனால் செதிலும் இல்லை, நகமும் இல்லை. தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். இங்கே வீடுகளில் வளர்ப்பவற்றில் ஜப்பானிய நெருப்புவயிற்று நியூட் முக்கியமானது. முதுகு கறுப்பு. திருப்பினால் வயிறு செக்கச்செவேலென்று, ஊடே கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை. அதன் தோலில் இருப்பது டெட்ரோடோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. தொட்டால் ஒன்றும் ஆகாது. கையைக் கழுவிவிட்டால் போதும். வாயில் போனால்தான் விபரீதம். 1979இல் அமெரிக்காவின் ஆரிகனில், இதன் உறவான சொரசொரப்புத் தோல் நியூட் ஒன்றை விழுங்கிய இளைஞர் அன்றே இறந்துபோனார். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டார் என்றால் இதை மறக்காமல் சொல்லி அனுப்புவேன்.

கையுறை போடுவது எங்களைக் காக்க மட்டும் இல்லை. நியூட்டின் தோல்தான் அதற்கு வாய், தோல்தான் பாதி மூச்சு. அது தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. உப்புச் சத்தும் அந்த வழியேதான் போகிறது, வருகிறது. நம் கையில் இருக்கும் சோப்பு, கிரீம், கிருமிநாசினி எல்லாம் அதே வழியில் உள்ளே போகும். ஆகவே பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையைப் போட்டு, அதையும் குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசிய பிறகுதான் தொடுவேன். அதற்கும் முன்னால், தொடாமலே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் டப்பாவில் விட்டுத் தூக்கிப் பிடித்தால், வயிற்றையும் உள்ளங்கால்களையும் பயமுறுத்தாமல் பார்க்கலாம். தொடையின் உட்புறத்தில் ரத்தச் சிவப்பு பரவியிருக்கிறதா, தோலில் வட்ட வட்டமாகச் சிறு புண் இருக்கிறதா, தொண்டை எந்த வேகத்தில் துடிக்கிறது என்பதையெல்லாம் இப்படித்தான் பார்ப்பேன்.

எடையை மட்டும் எல்லோரையும் வீட்டிலேயே பார்க்கச் சொல்கிறேன். நகைத் தராசு ஒன்று வாங்கினால் போதும், 0.1 கிராம் காட்ட வேண்டும். 7 கிராம் பிராணி அரை கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. நம்மில் 70 கிலோ மனிதர் 5 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. நியூட் நோயை மறைக்கும் பிராணி. வலித்தாலும் கத்தாது, சாப்பாட்டை விடுவதற்கு வெகு நாள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடும். மாதம் ஒருமுறை எடை குறித்துவைத்த நோட்டு ஒன்றை யாராவது கொண்டுவந்தால், எனக்குப் பாதி வேலை முடிந்ததுபோல் இருக்கும்.

சிலர் ஒன்றும் இல்லாததற்குப் பதறிக்கொண்டு வருவார்கள். உடம்பெங்கும் வெள்ளைப் படலம் என்பார்கள். அது தோல் உரிக்கிற நேரம். மெல்லிய கண்ணாடித் தாளாகக் கழன்று வரும், நியூட் அதைத் தானே தின்றுவிடும். பூஞ்சை என்றால் ஓர் இடத்தில், பெரும்பாலும் காயத்தின் மேல், பஞ்சுத் துணுக்காக முளைத்து நிற்கும். பின்காலுக்கு நடுவில் கட்டி என்று அழுதுகொண்டே வந்தவர்களும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குக் கழிவுத்துவாரம் வீங்குவது இயல்பு. இவர்களை நிம்மதியாகத் திருப்பி அனுப்புவதில் எனக்கு இன்னும் சந்தோஷம் குறையவில்லை.

நியூட்டைக் கொல்வதில் அழுக்குத் தண்ணீருக்கு அடுத்தது சூடு. ஜப்பானிய நியூட்டுக்கு 16 முதல் 20 டிகிரி உகந்தது. 24ஐத் தாண்டினால் சாப்பாட்டை விடும். அதற்கு மேல் போனால் உடம்பு தாங்காது. 2022 ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அதுவரை கண்டிராத வெப்பம். குளிருக்காகக் கட்டிய வீடுகள் இவை. ஏசி இல்லாத வீடே அதிகம். எங்கள் கிளினிக் போன் அந்த வாரம் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிடுங்கள், ஒன்று கரைவதற்குள் அடுத்தது தயாராக இருக்கட்டும், தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன விசிறியைத் திருப்பி வையுங்கள், ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸில் குளோரின் இருக்கும். மருந்து எதுவும் தராமல், போனிலேயே அத்தனை நோயாளிகளைப் பார்த்த வேறொரு வாரம் எனக்கு நினைவில்லை.

கை நசுங்கி வந்த நியூட் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் எழுபதை நெருங்கும் அம்மையார். மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆசைப்பட்டுக் கேட்டான் என்று வாங்கிய நியூட். மகன் படித்து முடித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். நியூட் அம்மாவோடு தங்கிவிட்டது. வயது 22. இந்த இனத்துக்கு அது நம்ப முடியாத வயது ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீரில் இருபது வருஷத்துக்கு மேல் வாழும். ஈரத் தோலால் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறியபோது, தொட்டியின் கண்ணாடி மூடி நழுவி அதன் இடக்கை மேல் விழுந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே கூழாகியிருந்தது. எலும்பின் நுனி வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் சாம்பல் நிறம். எடை 7.2 கிராம்.

"இதற்கெல்லாம் வைத்தியம் உண்டா? நான் கேட்பது பைத்தியக்காரத்தனமாக இல்லையே?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்கிறார்கள். நியூட்டின் விலையைவிட என் கட்டணம் அதிகம் என்பதால் பலர் வருவதற்கே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்ட நாட்களில் நோய் முற்றிவிடுகிறது. உண்டு என்றேன். இதன் கை திரும்ப முளைக்கலாம் என்றும் சொன்னேன்.

நியூட்டும் அதன் உறவினங்களும் இழந்த உறுப்பை மறுபடி வளர்த்துக்கொள்வதை இத்தாலியின் ஸ்பல்லன்சானி 1768இலேயே எழுதிவைத்தார். கை, கால், வால், தாடை, இதயத் தசையில் ஒரு பகுதி, கண்ணின் லென்ஸ் என்று பட்டியல் நீளும். ஜப்பானிய ஆய்வாளர் கோரோ எகுச்சியும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். ஒரே நியூட்டுகளின் லென்ஸை 16 ஆண்டுகளில் 18 முறை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் புது லென்ஸ் முளைத்தது. கடைசியில் முளைத்ததும் இளம் லென்ஸ் போலவே இருந்தது. ஆய்வு முடியும்போது அந்த நியூட்டுகளுக்கு வயது குறைந்தது 30. முதுமை அந்தத் திறனைக் கெடுக்கவில்லை. 22 வயதுக் கைக்காக நான் நம்பிக்கையோடு பேசியதற்கு அதுதான் ஆதாரம்.

ஆனால் கூழான கை அப்படியே இருந்தால் முளைக்காது, அழுகும். சேதமில்லாத இடத்தில் நேராக வெட்டிவிட வேண்டும். மயக்கத்துக்கு எம்எஸ்-222 என்ற வெள்ளைப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் வீதம் கலந்தோம். கலந்ததும் தண்ணீர் அமிலமாகிவிடும். அப்படியே விட்டால் தோல் எரியும். ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஹெச் 7க்குக் கொண்டுவந்த பிறகே நியூட்டை அதில் இறக்கினோம். ஊசி இல்லை, முகமூடி இல்லை. அந்தத் தண்ணீரில் படுத்திருப்பதே மயக்க மருந்து. முதலில் துழாவும், பிறகு தலை தொங்கும். புரட்டிப் போட்டால் திரும்பிக்கொள்ளாது. பாதத்தைக் கிள்ளினால் காலை இழுக்காது. தொண்டைத் துடிப்பும் நின்றுவிடும். பழக்கமில்லாத உதவியாளர்கள் அங்கே முகம் வெளுத்துப்போவார்கள். நெஞ்சின்மேல் டாப்ளர் கருவியின் நுனியை வைத்தால் இதயம் நிதானமாக அடிப்பது கேட்கும். ஈரமான தோல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அறுவை முடியும்வரை அந்தத் தோல் காயாமல் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதற்கே ஒருவர் வேண்டும்.

கண் அறுவைக்குப் பயன்படும் கத்தரியால் முழங்கைக்குச் சற்று மேலே வெட்டினேன். எலும்பு சதையைத் தாண்டி நீட்டாதபடி நுனியைச் சமப்படுத்தினேன். ரத்தம் இரண்டு சொட்டு வந்திருக்கும். பஞ்சு வைத்து அழுத்தியதும் நின்றது. அத்தோடு சரி. தையல் போடவில்லை.

வேப்பேரியில் எனக்குக் கற்பித்தது இதற்கு நேர் எதிரானது. மாடோ நாயோ, காலை எடுத்தால் சதையை மடித்து, தோலை இழுத்து மூடி, இடைவெளி இல்லாமல் தைக்க வேண்டும். நியூட்டுக்கு அப்படி முழுத்தோலை மூடித் தைத்தால் காயம் ஆறிவிடும், கை முளைக்காது. திறந்துவிட்ட வெட்டுவாயின் மேல் ஓரத்துத் தோலின் மேற்படலம் ஒரு நாளைக்குள் தானாக ஊர்ந்து வந்து மூடும். அந்த மெல்லிய படலத்துக்கும் அடியிலுள்ள சதைக்கும் நடுவில் வேறெதுவும் குறுக்கிடாமல் இருந்தால்தான் மொட்டு கட்டும். முதல்முறை திறந்த வெட்டுவாயை விட்டுக் கையை எடுத்தபோது எனக்கு உடம்பே கூசியது. தைக்காமல் விடுவதும் ஒரு கைத்திறன் என்று ஏற்றுக்கொள்ள நாளாயிற்று.

நியூட்டுக்கு வலி தெரியாது என்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தெரியும். அமெரிக்கச் செம்புள்ளி நியூட்டுகளில் செய்து 2009இல் வெளியான ஆய்வு, கை எடுத்த பிறகு வலிமருந்து கொடுத்தவை சீக்கிரம் இயல்புக்குத் திரும்பியதைக் காட்டியது. அதில் ஒரு மருந்தான பியூடார்ஃபனாலைத் தொட்டித் தண்ணீரிலேயே கலந்தார்கள். நாங்களும் அதையே செய்தோம்.

தொடையில் சிவப்புத் தெரிந்ததால், கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கிவிட்டதோ என்ற பயம் இருந்தது. ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தோம். இங்கேதான் ஏழு கிராமின் சிரமம் புரியும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால் இதற்கு வேண்டியது 0.072 மில்லிகிராம். பாட்டிலில் இருக்கும் மருந்து மில்லிக்கு 25 மில்லிகிராம். ஆக 0.003 மில்லிகூட இல்லை. எங்களிடமுள்ள மிகச் சிறிய சிரிஞ்சில் ஒரு கோடே 0.01 மில்லி. மருந்து 0.1 மில்லி, ஸலைன் 0.9 மில்லி என்று பத்து மடங்கு நீர்க்கவைத்தால் 0.03 மில்லி வரும், மூன்று கோடு. நாய்க்கு மருந்து ஏற்றும்போது ஊசியின் அடியில் தங்கிப்போகும் துளியே இதைவிடப் பெரியது. அந்தச் சொட்டை முதுகுத் தோலில் வைத்துவிட்டு, கழுவிப் போகாதபடி ஈரப் பேப்பர் மேல் சற்று நேரம் வைத்திருந்து பிறகு தண்ணீரில் விட வேண்டும். வீட்டில் இதைச் செய்ய அம்மையாருக்குக் கை நடுங்குமோ என்று கவலைப்பட்டேன். வாழ்க்கை முழுக்கத் தையல் வேலை செய்தவர் அவர். என்னைவிடச் சுத்தமாக வைத்தார்.

அவருக்கு எழுதிக்கொடுத்தது நீண்ட பட்டியல் ஒன்றும் இல்லை. கல்லோ மணலோ இல்லாத டப்பா, முதுகு மூடும் அளவு தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத் துண்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுவது, 17 டிகிரி, வெளிச்சம் வேண்டாம், இரண்டு நாள் கழித்து மண்புழுவை நறுக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவது. தின்னாவிட்டால் வாயைத் திறக்க முயலக் கூடாது, தாடை உடைந்துவிடும். கையைத் தொட்டுப் பார்க்கவே கூடாது.

சிவப்பு வடிந்தது. வெட்டுவாய் சில நாளில் வழவழவென்று ஆனது. பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. போனில் அவர் குரல் தளர்ந்திருந்தது. 17 டிகிரியில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அனுப்பிய படத்தில் நுனியில் வெளிறிய சிறு மேடு. அடுத்து அது தட்டையானது. தட்டையின் ஓரத்தில் பள்ளங்கள் விழுந்து விரல்கள் பிரிந்தன. முன்கையில் நான்கு விரல் இருக்க வேண்டும். இதற்கு மூன்றுதான் வந்தது. காயம் பட்டு முளைக்கும் கையில் இப்படி நேர்வது உண்டு. மூன்று விரலோடு அது கண்ணாடியில் ஏறியது. மூடிக்கு இப்போது கிளிப் போட்டிருக்கிறார்.

தொட்டியிலிருந்து தப்பிப் போகிற நியூட்டுகள் வேறு கதை. அலமாரிக்குப் பின்னால், தூசியும் தலைமுடியும் ஒட்டி, காய்ந்த குச்சியாகக் கிடைக்கும். செத்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல பிழைத்திருக்கின்றன. குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீரை வயிறு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, தலையை மேட்டில் வைத்து விடுங்கள். ஒட்டியதைப் பிடுங்காதீர்கள், ஊறியதும் தானாக வரும்.

எனக்கு மிகவும் கஷ்டமானது உப்பிய வயிறு. இருட்டறையில் வயிற்றுக்கு அடியில் டார்ச் வைத்தால், உள்ளே நீர் கோத்திருப்பது வெளிச்சம் ஊடுருவுவதில் தெரிந்துவிடும். சிறுநீரகமா, இதயமா, தொற்றா, முட்டை தங்கியதா என்று கண்டுபிடிப்பதற்குள் பிராணி தளர்ந்துவிடும். நல்ல தண்ணீரே இங்கே பகையாகிறது: உடம்பிலுள்ள உப்பைவிட வெளித் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் தோல் ஓயாமல் நீரை உள்ளே இழுக்கிறது, சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. ஆகவே ரிங்கர் கரைசலில் வைப்போம். லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் 0.15 கிராம் வீதம், ஆப்ப சோடா 0.2 கிராம். உள்ளே வரும் நீர் மட்டுப்படும். சிலது சில நாளில் இளைத்துச் சாப்பிடத் தொடங்கும். சிலது தொடங்காது.

கல்லூரி மாணவர் ஒருவரின் நியூட் அப்படித் தொடங்காமலே போனது. நீரை ஊசியால் எடுத்தால் மறுநாள் மறுபடி சேர்ந்தது. இனி அதை வைத்திருப்பது நமக்காகத்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கூடவே இருக்கலாமா என்று கேட்டார். மயக்கத்துக்குத் தரும் அதே மருந்தை மிகுதியாகக் கொடுத்துத்தான் இதைச் செய்கிறோம். நீர்நில வாழ்விகளின் இதயம் லேசில் நிற்காது. மூச்சும் அசைவும் நின்ற பிறகும் வெகு நேரம் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் டாப்ளரில் ஓசை முற்றாக அடங்கும்வரை காத்திருப்பது எங்கள் கடமை. பாதியில் நிறுத்தினால் அது மயக்கம் தெளிந்து எழலாம். ஒலியைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவ்வளவு நேரமும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழு கிராம் உயிருக்கு அவ்வளவு நேரம் கொடுக்கிற தொழில் என்னுடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இத்தனை நேரம் குளிர் குளிர் என்று சொன்னேன். சூடாக்க வேண்டிய நோய் ஒன்றும் இருக்கிறது.

2010ஐ ஒட்டி, நெதர்லாந்தின் புண்டர்போஸ் காட்டில் இருந்த, நியூட்டின் உறவான நெருப்புச் சாலமாண்டர்கள் கூட்டமாகச் செத்தன. மூன்றே வருஷத்தில் 96 சதவீதம் அழிந்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆன் மார்ட்டெல் குழுவினர் 2013இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை. எங்கள் பேச்சில் அதை 'பீசால்' என்போம். ஆசிய நியூட்டுகளோடு செல்லப்பிராணி வணிகத்தில் அது ஐரோப்பாவுக்கு வந்தது. 2015இல் பிரிட்டனிலும், வளர்ப்புச் சாலமாண்டர்களிடம் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கா 2016இல் 201 இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. இந்தப் பூஞ்சை 10 முதல் 15 டிகிரியில் செழிக்கும். அதாவது நாம் நியூட்டுக்குச் செய்துதரும் சுகமான குளிரில்.

கராஜ் முழுக்கத் தொட்டிகள் வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். ஐரோப்பாவிலிருந்து சில சாலமாண்டர்களை வாங்கி, தனியாக வைக்காமல் பழையவற்றோடு சேர்த்துவிட்டார். சில வாரத்தில் இரண்டு செத்தன. மூன்றாவதை என்னிடம் கொண்டுவந்தபோது வயிற்றில் கறுப்பு விளிம்போடு குண்டூசித் தலை அளவுப் புண்கள். ஸ்வாபை வயிற்றிலும் உள்ளங்காலிலும் வால் அடியிலும் உருட்டித் தேய்த்து லேபுக்கு அனுப்பினேன். பீசால்தான் என்று வந்தது.

கென்ட் குழுவினர் காட்டிய வழி எளிது: 25 டிகிரியில் பத்து நாள் வைத்தால் நெருப்புச் சாலமாண்டர் உடம்பிலிருந்து பூஞ்சை ஒழிந்துவிடும். ஆனால் எல்லா இனமும் 25ஐத் தாங்காது. தாங்கக்கூடியவற்றைப் பிரித்து ஓர் அறையில் சூட்டில் வைத்தோம். மற்றவற்றுக்கு 20 டிகிரியில், பாலிமிக்சின் ஈ கரைந்த குளியலும் வோரிகோனசோல் தெளிப்பும். ஒவ்வொன்றும் தனி டப்பாவில், ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கையுறை. தொட்டி, வலை, வாளி எல்லாவற்றையும் விர்கான் எஸ் என்ற கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசலில் ஊறப்போட்டோம். மண்ணையும் பாசியையும் செடிகளையும் மூட்டை கட்டி எரிக்கக் கொடுத்தோம். பத்து வருஷமாக வளர்த்த ஜாவா பாசியைத் தூக்கிப் போடும்போது அவருக்குக் கண் கலங்கியது.

சிகிச்சை முடிந்து, இடைவெளி விட்டு எடுத்த ஸ்வாப்கள் எல்லாம் சுத்தமாக வந்தன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை, பெரும்பாலானவை பிழைத்தன. கடைசி முடிவு வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கராஜில் டப்பாக்களைக் கழுவும் தண்ணீரை இனித் தோட்டத்தில் ஊற்றலாமா? அவர் தோட்டத்துக் குளத்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் காட்டு நியூட்டுகள் வந்து முட்டையிடும். பிரிட்டனுக்குச் சொந்தமான மூன்று இனங்களில் பெரிய கொண்டை நியூட்டும் இந்தப் பக்கத்துக் குளங்களில் உண்டு. 1981 முதல் சட்டம் காக்கும் பிராணி அது. கூடாது என்றேன். சோதனை என்ன சொன்னாலும் சரி, தொட்டித் தண்ணீரில் ப்ளீச் கலந்து, வைத்திருந்து, சாக்கடையில்தான் விட வேண்டும். குளத்துப் பக்கம் போகும் பூட்ஸ் கராஜுக்குள் வரக் கூடாது, கராஜ் பூட்ஸ் குளத்துப் பக்கம் போகக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். நீங்கள் நியூட் வளர்க்கிறவரைக்கும் என்றேன். மறு வாரம் அந்த வழியாகப் போனபோது, கராஜ் கதவருகே இரண்டு ஜோடி பூட்ஸ் இருந்தன. ஒன்றின் மேல் சிவப்பு டேப் சுற்றியிருந்தார்.